பையில் எந்த அச்சு?

தாம்பூலப் பைக்கோ, ஜவுளிக்கடைக் கட்டைப்பைக்கோ, இனிப்புப் பெட்டிக்கோ ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு படத்தோடுதான் அச்சகத்துக்கு வருகிறார்கள். ஆறேழு வண்ணம், பொன் ஓரம், நிழல் விழுந்த எழுத்து. இதே மாதிரி வேண்டும் என்கிறார்கள். அச்சகத்தாரும் எத்தனை வண்ணம், எத்தனை உருப்படி என்று கேட்டு விலை சொல்லிவிடுகிறார். பை எந்தத் துணி, அதைத் துவைப்பார்களா, உள்ளே எண்ணெய்ப் பண்டம் வருமா, வாங்கிப் போகிறவர் அதை எத்தனை நாள் வைத்திருப்பார் என்பதெல்லாம் கடைசியில் வருகிற கேள்விகள். பல நேரம் அவை வருவதே இல்லை. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. முதலில் பொருள், அடுத்து அதன் ஆயுள், பிறகு எண்ணிக்கை, படம் எல்லாவற்றுக்கும் பின்னால்.

தமிழ்நாட்டில் இதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2019 ஜனவரி 1 முதல் இங்கே ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. தடிமன் எதுவானாலும் பிளாஸ்டிக் கைப்பை கூடாது. துணி போலவே தோன்றும் ‘நான்-ஓவன்’ பையும் அந்தப் பட்டியலில் உண்டு, ஏனென்றால் அது நெய்த துணியே அல்ல. பாலிபுரொப்பிலீனை உருக்கி இழையாகக் கொட்டி, சூட்டில் அழுத்தி ஒட்டிய விரிப்பு அது. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது; 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரங்களையும் பிறகு நிறுவினார்கள். கடைக்காரர்கள் பருத்திக்கும் காகிதத்துக்கும் மாறினார்கள். ஆனால் வாசல் வழியே அனுப்பிய பிளாஸ்டிக்கை அலங்காரம் என்ற பெயரில் கொல்லைப்புறமாக உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறோம். பருத்திப் பையில் பி.வி.சி. மை, காகிதப் பையில் முழுத் தாளுக்கும் பிளாஸ்டிக் படலம், சணல் பையின் உள்ளே பாலித்தீன் பூச்சு. எந்த அச்சு என்ற கேள்வியில் அந்தப் பை கடைசியில் என்ன பொருளாக நிற்கப்போகிறது என்ற கேள்வியும் அடங்கியிருக்கிறது.

பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, புவி வெப்பமாதல் கணக்கில் மட்டும் பார்த்து, ஒரே முறை பயன்படுத்திய மெல்லிய பாலித்தீன் பையோடு சமநிலைக்கு வரப் பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்றது. டென்மார்க்கின் 2018 ஆய்வு வேறு வகைப் பாலித்தீன் பையோடு ஒப்பிட்டு, அதே வெப்பமாதல் கணக்கில் 52 முறை என்றது. பையின் எடை, துணியின் தரம், ஒப்பிடும் பொருள் ஆகியவற்றைப் பொறுத்து எண் மாறும். எந்த எண்ணை எடுத்தாலும், துணிப்பை நல்லதாவது அது வீட்டுக் கொக்கியில் தொங்கி வாராவாரம் சந்தைக்குப் போனால்தான். இங்கேதான் அச்சுக்கு வேலை. மணமக்கள் படத்தை முகம் முகமாகப் பெரிதாக அச்சடித்த பையை விருந்தாளி மறுநாள் காய்கறி வாங்க எடுத்துப் போவதில்லை. அதில் வெங்காயம் போட ஒரு கூச்சம். சின்னதாகப் பெயரும் ஊரும் ஒரு கோலமும் மட்டும் இருந்தால் தயக்கமில்லாமல் எடுத்துப் போவார். கடைப் பெயரை ஒரு மூலையில் போட்டுக் கொடுக்கும் ஜவுளிக்கடைக்கும் இதே கணக்குதான். எழுத்து சிறியதாக இருந்தாலும் பை நெடுநாள் ஊரைச் சுற்றும்.

துணியிலிருந்து தொடங்குவோம். துணிக்கு இன்றும் முதல் அச்சு ஸ்கிரீன்தான். சட்டத்தில் இறுக்கிக் கட்டிய வலைத்துணியில் (மெஷ்) ஒளிபட்டால் இறுகும் எமல்ஷனைப் பூசி, படத்தின் பிலிமை வைத்து ஒளி காட்டி, இறுகாத இடத்தைத் தண்ணீரில் கழுவிவிட்டால் எழுத்து திறந்த வழியாகிவிடும். மையை மேலே ஊற்றி ஸ்குவீஜியால் இழுத்தால் கீழே இருக்கும் துணியில் இறங்கும். மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் 1907-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். திருப்பூரில் பனியன் துணிக்கு நீண்ட மேசைகளில் வரிசையாக ஒட்டிவைத்து அடிக்கும் அதே முறையில்தான் பைத் துணியையும், தைப்பதற்கு முன் வெட்டிய துண்டுகளாகப் பரப்பி, அடிக்கிறார்கள். தைத்த பைமேல் அடித்தால் மடிப்பும் தையலும் ஸ்குவீஜியைத் தூக்கிவிடும், ஓர எழுத்து மங்கும். ஆகவே, தைத்த பை கையிருப்பில் இருக்கிறது, அச்சு மட்டும் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் தையலிலிருந்து எவ்வளவு இடம் விட்டு அடிப்பார் என்று கேட்க வேண்டும்.

ஸ்கிரீனில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிச் சட்டம். செலவின் சூட்சுமம் அதில் இருக்கிறது. ஒரு வண்ணத்துக்கு ஸ்கிரீன் செலவு 600 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 100 பைக்கு அது பைக்கு 6 ரூபாய் ஏறும். 3,000 பைக்கு 20 காசுதான். நான்கு வண்ணமாக்கினால் 100 பைக்கு 24 ரூபாய், 3,000 பைக்கு 80 காசு. சின்ன ஆர்டரில் மல்டிகலர் கேட்பது வீண் செலவு என்பதும், பெரிய ஆர்டரில் இன்னொரு வண்ணம் சேர்ப்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்பதும் இதில் தெரியும். ஆனால் பணம் மட்டும் கணக்கல்ல. காடா துணி இழுத்தால் இழுபடும். இரண்டாவது வண்ணம் முதல் வண்ணத்தோடு மயிரிழை பிசகாமல் பொருந்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கெடாத படத்தை வரைந்து கொடுப்பது வடிவமைப்பவரின் பொறுப்பு; அப்படி வரையாமல் அச்சடிப்பவரைத் திட்டுவதில் நியாயமில்லை.

மை இரண்டு வகை. தண்ணீரில் கரைத்த பிக்மென்ட்டும் பைண்டரும் சேர்ந்தது ஒன்று. துணியில் இறங்கி, 150 டிகிரி அளவுச் சூட்டில் சில நிமிடம் கியூரிங் ஆனால் கைக்கு உறுத்தாது, துவைத்தாலும் போகாது. சூடு காட்டாமல் வெயிலில் உலர்த்தி மட்டும் கொடுத்த பைதான் இரண்டாவது துவையலில் சாயம் விடுகிறது. மற்றது பிளாஸ்டிசால். பி.வி.சி. துகளைப் பிளாஸ்டிசைசரில் குழைத்தது. 160 டிகிரிக்கு அருகில் உருகி இறுகும். துணிமேல் ரப்பர் போல உட்காரும், கறுப்புத் துணியிலும் வெள்ளை பளிச்சென்று தெரியும், மெஷ் அடைக்காது என்பதால் அச்சடிப்பவருக்கும் வசதி. மடித்து மடித்து வைக்கும் பையில் வெடிக்கவும் செய்யும். வெளிர் நிறத் துணிக்குத் தண்ணீர் மை போதும் என்பேன். அதிலுள்ள பைண்டரும் அக்ரிலிக் வகைதான், அதை மறைக்க வேண்டாம்; ஆனால் படியும் அளவு மிகக் குறைவு.

இந்த இடத்தில் மஞ்சப்பைக்கு ஒரு பழைய விவேகம் உண்டு. ஜவுளிக்கடைகளின் மஞ்சப்பைகளில் சிவப்பு, கரும்பச்சை, கறுப்பு எழுத்துகளே அதிகம். தண்ணீர் மை ஒளி ஊடுருவும் தன்மையுடையது, அடித்துணியின் நிறம் அதில் கலந்துவிடும். மஞ்சளின் மேல் நீலம் அடித்தால் பச்சைச் சாயல் ஏறும், இளஞ்சிவப்பு செங்கல் நிறமாகும். திரையில் பார்த்த நீலம் வேண்டுமென்றால் முதலில் வெள்ளை அடித்து அதன்மேல் நீலம் அடிக்க வேண்டும், அதாவது இன்னொரு ஸ்கிரீன், இன்னொரு அடுக்கு. துணியின் நிறத்தோடு ஒத்துப்போகும் மையைத் தேர்ந்தால் அந்தச் செலவு மிச்சம். துணியிலேயே இன்னொரு கண்ணி உண்டு. தறியிலிருந்து நேராக வந்த காடாவில் பாவுக்குப் போட்ட கஞ்சி அப்படியே இருக்கும். மை கஞ்சிமேல் உட்கார்ந்தால் கஞ்சியோடு சேர்ந்து அதுவும் போகும்.

தமிழ் எழுத்துக்கென்று சில தொல்லைகள் இருக்கின்றன. வேற்று மொழி வழிகாட்டிகளைப் பார்த்து வேலை செய்கிறவர்கள் இவற்றைக் கவனிப்பதில்லை. துணிக்கான மெஷ் சென்டிமீட்டருக்கு 40 முதல் 60 இழை வரை இருக்கும். காகிதத்துக்கு 100, 120 வரை போகலாம். முரட்டு மெஷ்ஷும் முரட்டு நெசவும் சேரும்போது ‘மண்டபம்’ என்பதன் புள்ளிகள் நெசவின் பள்ளத்தில் விழுந்து காணாமல் போகும், அல்லது கீழே இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ண, ஞ, ஐ ஆகியவற்றின் சுழிகள் மையால் அடைபடும். ஒரு மில்லிமீட்டருக்கு மெலிந்த கோட்டைக் காடாவில் நம்பக் கூடாது. வெள்ளை எழுத்தை நிறத்தரைக்குள் விட்டு அடிக்கும்போது இந்த ஆபத்து இரட்டிப்பாகும், ஏனென்றால் மை எப்போதும் வெளியே பரவும், எழுத்தை உள்நோக்கி நெருக்கும். ஒல்லி எழுத்துருவுக்குத் துணி இடமல்ல. கோப்பு அனுப்பும்போது வருவது வேறு சங்கடம்: யூனிகோடில் தட்டிய தமிழ் பழைய வடிவமைப்பு மென்பொருளில் திறந்தால் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறிப் போய் நிற்கும், தனி எழுத்துருவில் தட்டியது அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குறிகளாகும். எழுத்தைக் ‘கர்வ்ஸ்’ ஆக்கி, கூடவே பி.டி.எஃப். படம் ஒன்றும் வைத்து அனுப்பினால் மணமகன் பெயர் பிழைக்கும்.

ஸ்கிரீனுக்குப் போட்டியாகச் சில வருடங்களில் எங்கும் பரவிவிட்டது டி.டி.எஃப். கணினியிலிருந்து நேரே ஒரு படலத்தில் வண்ணங்களையும் அதன்மேல் வெள்ளையையும் அடித்து, சூட்டில் உருகும் பசைப்பொடியைத் தூவி, அந்தப் படலத்தைத் துணிமேல் வைத்து 150, 160 டிகிரியில் சில நொடி அழுத்திப் பிரித்தால் படம் ஒட்டிக்கொள்ளும். ஸ்கிரீன் இல்லை, பிளேட் இல்லை, ஒரு பைகூட அடிக்கலாம், எந்த நிறத் துணியானாலும் சரி. பத்து, இருபது பைக்கு, அதுவும் ஒவ்வொன்றிலும் வேறு பெயர் வேண்டுமென்றால், இதை விட்டால் வழியில்லை. ஆனால் இது மை அல்ல, ஒட்டிய தோல். பெரிய சதுரமாக ஒட்டினால் அந்த இடத்தில் துணி மூச்சுவிடாது. இஸ்திரிப் பெட்டி நேராகப் பட்டால் இளகும். பை மடிக்கிற கோட்டிலேயே முதலில் விரிசல் விடும். ஆயிரம் பைக்கு டி.டி.எஃப். போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவரிடம் ஸ்கிரீன் மேசை இல்லை என்றுதான் எனக்குத் தோன்றும்.

சப்ளிமேஷன் என்பது வேறு. அதன் சாயம் 200 டிகிரி அளவில் ஆவியாகிப் பாலியெஸ்டர் இழைக்குள் புகுந்துவிடும். தடவினால் அச்சு இருப்பதே தெரியாது, உரியவும் உரியாது. பருத்தியில் நிற்காது, வெள்ளை மை கிடையாது. புகைப்படம் அச்சடித்த பை துணிப்பை என்ற பெயரில் வந்தாலும் பெரும்பாலும் பாலியெஸ்டராக இருப்பது இதனால்தான். நான்-ஓவன் துணி 160 டிகிரியைத் தாண்டினால் உருகிவிடும், எனவே பிளாஸ்டிசாலுக்கான சூட்டைக் காட்ட முடியாது. தடை இல்லாத ஊர்களில் அதற்குத் தானாக உலரும் தனி மைகளைப் பயன்படுத்துகிறார்கள்.

சணலில் கோடு நேராக வராது. பெரிய எழுத்து, தடித்த உருவம், ஒரே வண்ணம் என்று அடங்கினால் அழகு. எம்பிராய்டரியைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை: தையல் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி, ஐந்து மில்லிமீட்டருக்குச் சின்ன எழுத்து படிக்க முடியாது, கனமான கேன்வாஸுக்கு ஏற்றது, மெல்லிய காடாவைச் சுருக்கும். ஒவ்வொரு பைக்கும் நெய்த ஒரு சிறு லேபிளைத் தையலில் செருகுவதும் ஓர் அலங்காரம்தான். அதை ஏனோ யாரும் கேட்பதில்லை.

காகிதத்துக்கு வந்தால் கதை சிவகாசிக்குப் போகிறது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டதில்தான் அங்கே அச்சுத்தொழில் வேர்விட்டது. அங்கே நடக்கும் ஆஃப்செட் அச்சுக்கு அடிப்படை 1796-இல் அலோய்ஸ் செனஃபெல்டர் சுண்ணாம்புக் கல்லில் கண்டது: எண்ணெய் மையும் தண்ணீரும் ஒட்டாது. 1904-இல் அமெரிக்காவில் ஐரா ரூபெல் அச்சுத் தகட்டுக்கும் காகிதத்துக்கும் நடுவில் ரப்பர் உருளையை நுழைத்தார், காகிதத்துக்கான ஆஃப்செட் பிறந்தது. நான்கு பிளேட்டில் எல்லா வண்ணமும் கிடைக்கும், படத்துக்கு இதைவிடக் கூர்மை வேறில்லை, ஆயிரம் தாளுக்கு மேல் போகப் போக விலை சரசரவென இறங்கும். ஆனால் ஆஃப்செட்டில் வெள்ளை என்பது பெரும்பாலும் காகிதத்தின் வெள்ளைதான். பழுப்பு கிராஃப்ட் தாளில் மணமக்கள் படத்தை நான்கு வண்ணத்தில் அடித்தால் இருவரும் சேற்றில் நிற்பது போல வருவார்கள். கிராஃப்ட் கேட்கிறவருக்குக் கறுப்போ அடர்பச்சையோ ஒற்றை வண்ணமே சரி, அந்தத் தாளின் நிறமே அலங்காரம் என்று விட்டுவிட வேண்டும்.

அச்சுக்குப் பிறகு செய்யும் வேலைகளில்தான் ஆசை கட்டுமீறுகிறது. பொன் பாயில் அடிப்பதை எடுத்துக்கொள்வோம். அதில் பொன் கிடையாது. பாலியெஸ்டர் படலத்தில் ஆவியாகப் படியவைத்த அலுமினியம், அதன்மேல் மஞ்சள் வார்னிஷ், அடியில் சூட்டுப் பசை. சூடான உலோக பிளாக் அழுத்திய இடத்தில் மட்டும் அது காகிதத்துக்கு மாறும். பெயருக்கும் விநாயகருக்கும் மட்டும் அடித்தால் அதன் பரப்பு மிகச் சிறிது, தாளை மறுசுழற்சிக்குக் கெடுப்பது குறைவு. மேட்டெழுத்து எம்பாசிங்கில் மையே இல்லை, என் தேர்வு பல நேரம் அதுதான். லாமினேஷன்தான் பெரிய குற்றவாளி. பி.ஓ.பி.பி. என்ற பிளாஸ்டிக் படலத்தை முழுத் தாளிலும் ஒட்டிய பிறகு அது காகிதப் பை என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது. காகித ஆலையில் நார் பிரியாமல் அடம் பிடிக்கும்.

லாமினேஷன் ஏன் போடுகிறார்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. அடர் நிறத் தரையோடு பையை மடித்தால் மடிப்பில் மை உடைந்து வெள்ளை நார் தெரியும். லாமினேஷன் அதை மறைக்கும். மாற்று வழி சுலபம்: மடிப்பு விழும் இடத்தில் அடர் நிறம் வராமல் வரைவது, தண்ணீர் வார்னிஷ் போடுவது. வார்னிஷோ, சில இடத்தில் மட்டும் பளபளப்பேற்றும் ஸ்பாட் யூ.வி. பூச்சோ எது போட்டாலும் பசை ஒட்டும் ஓரத்தை வெறுமனே விடச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பையின் அடிப்பாகம் இரண்டு கிலோ இனிப்போடு தெருவில் பிரியும்.

எண்ணிக்கை லட்சங்களுக்குப் போனால் வேறு இரண்டு முறைகள். நெளி அட்டைப் பெட்டிக்கும் சுருள் காகிதப் பைக்கும் ஃப்ளெக்ஸோ: ரப்பர் முத்திரை போல மேடான பாலிமர் பிளேட், அதற்கு அளந்து மை கொடுக்கும் அனிலாக்ஸ் உருளை. அட்டையின் நெளிவு அச்சில் கோடு கோடாகத் தெரியும் என்பதால் நுணுக்கப் படத்துக்கு அது ஏற்றதல்ல. சிப்ஸ் பாக்கெட்டுக்கும் மசாலா பாக்கெட்டுக்கும் கிராவூர். தொழிலில் ரோட்டோ என்பார்கள். செக் நாட்டவரான கரெல் கிளிச் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கியது. செம்பு பூசிய உருளையில் எழுத்தைக் குழியாகச் செதுக்கி மேலே குரோமியம் ஏற்றுவார்கள், வண்ணத்துக்கு ஓர் உருளை. அரிசி மூட்டையில் பளபளவென்று தெரியும் படம் இப்படி மெல்லிய படலத்தின் பின்புறத்தில் தலைகீழாக அச்சடித்து, நெய்த சாக்கின்மேல் ஒட்டியது. மை இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் லாரியில் எத்தனை முறை உரசினாலும் அழியாது. சிறு வியாபாரிக்கு இந்த முறையின் உருளைச் செலவு கட்டுப்படியாகாது. அவர் வெற்று பாக்கெட்டை வாங்கி நல்ல லேபிள் ஒன்றை ஒட்டுவதே புத்தி.

சாப்பிடும் பொருள் என்றால் விதிகள் முந்திக்கொள்கின்றன. 2018-இன் உணவுப் பொதிவு ஒழுங்குமுறைகளின்படி அச்சடித்த பக்கம் உணவைத் தொடக் கூடாது, செய்தித்தாளில் பஜ்ஜி கட்டுவது கூடாது, மை ஐ.எஸ். 15495 தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். அந்தத் தரத்தின் 2020 திருத்தம் டொலுவீனை விலக்கியது. அச்சடித்த அட்டைகளை அடுக்கி வைக்கும்போது கீழ்த் தாளின் மை மேல் தாளின் உட்பக்கத்தில் ஒற்றிக்கொள்ளும், அந்த உட்பக்கம்தான் பிறகு மைசூர்பாகைத் தொடும். எனவே நன்றாக உலர்ந்தபின் அடுக்குவதும், உள்ளே பட்டர் பேப்பர் போடுவதும் அலங்காரத்தைவிட முக்கியம். சைவக் குறியையும் மறந்துவிடுகிறார்கள். பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் என்பது விதி. பெட்டியைச் சிவப்பு ஒற்றை வண்ணத்தில் அடித்துவிட்டால் அந்தக் குறிக்கு இன்னொரு வண்ணச் செலவு வரும். ஒரே வண்ணம்தான் என்றால் அது பச்சையாக இருக்கட்டும், அல்லது குறியை லேபிளில் வைத்துக்கொள்ளலாம். பார்கோடு சிவப்பில் இருக்கக் கூடாது. ஸ்கேனரின் ஒளியே சிவப்பு, கோடும் தாளும் அதற்கு ஒன்றாகத் தெரியும். தேதியும் விலையும் பிறகு குத்துவதற்கு ஒரு வெற்றிடம் வேண்டும், அதன்மேல் யூ.வி. பூச்சு இருந்தால் குத்திய மை விரலோடு வந்துவிடும்.

ஆர்டர் உறுதியாகும் முன் கேட்க வேண்டியது சேம்பிள். திரையில் காட்டும் படம் சேம்பிள் அல்ல. அதே துணியில், அதே மையில், அதே ஸ்கிரீனில் அடித்த ஒரு பை கைக்கு வர வேண்டும். அதை இரண்டு முறை துவைத்து, ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்து, நான்காக மடித்து ஓரிரவு எடைக்கு அடியில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலான கோளாறுகள் அங்கேயே தெரிந்துவிடும். நிறம் முக்கியமென்றால் வாய்வார்த்தை போதாது. நிற அட்டையின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். துணிக்கு நூற்றில் இரண்டு மூன்று சேதம் ஆவது இயல்பு, அதைக் கூடுதலாக அடிக்கச் சொல்வதா, குறைத்து வாங்கிக்கொள்வதா என்று முதலிலேயே பேசிவிடலாம். ஸ்கிரீன், பாயில் பிளாக், பெட்டி வெட்டும் டை, ரோட்டோ உருளை ஆகியவற்றுக்குப் பணம் கொடுத்தவர் நீங்கள் என்றால், அடுத்த ஆர்டரை வேறு அச்சகத்துக்குக் கொண்டுபோகும்போது அவை உங்கள் கைக்கு வருமா, எத்தனை மாதம் அவர் பத்திரமாக வைத்திருப்பார் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும். ஸ்கிரீனை அழித்து அதே சட்டத்தில் அடுத்த கல்யாணத்தின் பெயரை ஏற்றுவது தொழிலில் வழக்கம். உருளையைக் கூட மேற்பூச்சை உரித்து வேறு வேலைக்குச் செதுக்கிவிடுவார்கள்.